கரிமம் குறைந்த கான்கிரீட்

கட்டுமானத்துக்கான கான்கிரீட்டால் காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கச் சிமென்ட் ஆலைகள், ஆய்வுக்கூடங்கள், அரசுகள் ஆகியவை மேற்கொண்டுவரும் முயற்சிகளின் வரலாறு இக்கட்டுரையின் பொருள். உலகில் ஆண்டுதோறும் சுமார் 400 கோடி டன் சிமென்ட் உற்பத்தியாகிறது. மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் இதிலிருந்து வருகிறது. உற்பத்தியில் முதலிடம் சீனாவுக்கு, அடுத்தது இந்தியா.

கான்கிரீட்டில் ஜல்லி, மணல், தண்ணீர், சிமென்ட் என்று நான்கு இருந்தாலும் சுமை முழுக்கச் சிமென்டின் மேல்தான். சிமென்டிலும் குறிப்பாகக் கிளிங்கரின் மேல். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுழல் சூளையில் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கிடைக்கும் கரும்பச்சை உருண்டைகளே கிளிங்கர். 1,000 கிலோ சுண்ணாம்புக்கல் வெந்தால் 560 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 440 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். நிலக்கரிக்குப் பதில் எந்த எரிபொருளைப் போட்டாலும் இந்த 440 கிலோ மாறாது, ஏனென்றால் அது நெருப்பிலிருந்து வருவதன்று, கல்லிலிருந்து வருவது. ஆலை வெளியிடும் வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது. சூரிய மின்சாரமும் காற்றாலையும் மட்டும் இந்தத் தொழிலைத் தூய்மையாக்கிவிடாது என்பதற்கு இதுவே காரணம். கிளிங்கரைக் குறைக்க வேண்டும், அல்லது வாயுவைப் பிடித்து அடைக்க வேண்டும்.

கலப்பின் தொடக்கம்

லீட்ஸ் நகரின் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு வெகுகாலம் முன்பே சுண்ணாம்போடு வேறு பொருள் சேர்த்து உறுதியாக்கும் வழக்கம் இருந்தது. ரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சேர்த்தார்கள். நம் பக்கத்தில் செங்கல்லையோ சுட்ட களிமண்ணையோ பொடித்த சுர்க்கி சேர்ந்தது. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு சுர்க்கிச் சாந்தில் எழுந்ததுதான். ஜெர்மனியில் எமில் லாங்கன் 1862இல், இரும்பு உலையின் உருகிய கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்தால் அது சிமென்டைப் போல இறுகும் தன்மை பெறுவதைக் கண்டார். கசடுச் சிமென்ட் இதிலிருந்து வளர்ந்தது. அன்று யாரும் பருவநிலையை நினைக்கவில்லை; கழிவு காசாவதுதான் நோக்கம்.

நிலக்கரிச் சாம்பல், அதாவது ஃப்ளை ஆஷ், இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அமெரிக்காவின் மொண்டானாவில் 1948இல் தொடங்கிய ஹங்ரி ஹார்ஸ் அணையில் அது பெரிய அளவில் சேர்க்கப்பட்டது. அணைக்கு அது பொருத்தமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. சிமென்ட் இறுகும்போது சூடு கிளம்பும்; கனத்த கான்கிரீட்டில் அந்தச் சூடு விரிசலாக முடியும்; சாம்பல் சேர்த்தால் சூடு தணியும். 1970களின் எண்ணெய் நெருக்கடி ஆலைகளை எரிபொருள் சிக்கனத்தின் பக்கம் தள்ளியது. ஈரமாக அரைத்துச் சுடும் பழைய முறை போய், சூளையின் சூட்டிலேயே மூலப்பொருளை முன்கூட்டிக் காய்ச்சும் உலர்முறை வந்தது. ஜப்பானியர் அதோடு, சூளைக்குள் போகுமுன்பே சுண்ணாம்புக்கல்லைச் சுடும் ப்ரீகால்சைனரைச் சேர்த்தனர். இந்தியாவின் புதிய ஆலைகள் இம்முறையில் எழுந்ததால், எரிபொருள் செலவில் உலகின் சிக்கனமான ஆலைகளோடு அவை நிற்கின்றன.

மூட்டையும் கட்டடமும்

இந்தியக் கடைகளில் மூட்டையின் மேல் ஓபிசி, பிபிசி என்று அச்சிட்டிருக்கும். ஓபிசி என்னும் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் கிட்டத்தட்ட முழுக்கக் கிளிங்கர். பிபிசி என்னும் போர்ட்லண்ட் போசோலானா சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் கலக்க ஐஎஸ் 1489 தரநிலை இடம் தருகிறது. கசடுச் சிமென்டில் ஐஎஸ் 455இன்படி கசடு 70 சதவீதம் வரை போகலாம். அனல்மின் நிலையச் சாம்பலைப் பயன்படுத்தக் கோரி மத்திய அரசு 1999இல் வெளியிட்ட அறிவிக்கை கலப்புச் சிமென்டுக்கு வழி அகலப்படுத்தியது. 1996இல் ஒரு டன் சிமென்டுக்கு 1.12 டன்னாக இருந்த இந்தியத் தொழிலின் கார்பன் டை ஆக்சைடு 2010இல் 0.72 டன்னாக இறங்கியது. கலப்பும் உலர்முறையும் சேர்ந்து செய்த வேலை இது. உலகம் கொண்டாடும் பல புதுக் கருவிகள் இதில் பாதியைக்கூட இன்னும் சாதிக்கவில்லை.

ஆனால் கட்டுமிடத்தில் மதிப்பு “53 கிரேடு” ஓபிசிக்குத்தான். காரணம் இல்லாமல் இல்லை: சாம்பல் கலந்த சிமென்ட் முதல் வாரத்தில் மெதுவாக உறுதி பெறும், சென்ட்ரிங் பிரிக்கக் காத்திருக்க வேண்டும். சாதாரணச் சிமென்டுக்கு 7 நாள் போதும் என்றால் கலப்புச் சிமென்டுக்கு 10 நாளாவது தண்ணீர் ஊற்றிக் க்யூரிங் செய்யச் சொல்கிறது ஐஎஸ் 456. அந்தப் பத்து நாளையும் கொடுத்தால் கான்கிரீட் நெருக்கமாகிறது, உப்பு உள்ளே இறங்குவது குறைகிறது, கம்பி துருப்பிடிப்பது தள்ளிப்போகிறது. அவசரத்தில் மூன்றாம் நாளே தண்ணீரை நிறுத்திவிட்டு, விரிசல் கண்டதும் பழியைச் சிமென்டின் மேல் போடுவது அநியாயம்.

தொழிலின் உறுதிமொழிகள்

1999இல் பெரிய சிமென்ட் நிறுவனங்கள் சில, நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிகக் குழுவின் கீழ் ஒன்றுகூடின. 2002இல் அவை வெளியிட்ட செயல்திட்டத்தின் பெரிய பயன், எல்லோரும் ஒரே அளவுகோலில் தங்கள் வெளியீட்டைக் கணக்கிடத் தொடங்கியதுதான். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 2018இல் அமைந்த உலகச் சிமென்ட் கான்கிரீட் சங்கம் அப்பணியை ஏற்றது. 2050க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவது, அதற்கு முன்படியாக 2030க்குள் கான்கிரீட்டின் கரிமத்தைக் கால்பங்கு குறைப்பது என்று 2021 அக்டோபரில் அது அறிவித்தது.

களிமண் திரும்பி வந்தது

சாம்பலும் கசடும் என்றும் கிடைப்பவையல்ல. நிலக்கரி மின்நிலையங்களும் பழைய இரும்பு உலைகளும் மூடப்படும் நாடுகளில் அவை அருகி வருகின்றன. கியூபாவிலோ தொடக்கத்திலிருந்தே பற்றாக்குறை. சாந்தா கிளாராவின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ மார்ட்டிரேனாவும் சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கேரன் ஸ்கிரிவனரும் சுட்ட களிமண்ணைத் தேடிப் போனதன் பின்னணி இது. அவர்கள் உருவாக்கிய எல்சி3 சிமென்டில் கிளிங்கர் பாதிதான். மீதியில் 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுடாத சுண்ணாம்புக்கல் பொடி, 5 பங்கு ஜிப்சம். களிமண்ணை 700 முதல் 850 டிகிரியில் சுட்டால் போதும். அது நீராவியை விடுமே தவிர கார்பன் டை ஆக்சைடை விடாது. களிமண்ணின் அலுமினாவும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து புதிய படிகங்களாகித் துளைகளை அடைப்பதால், கிளிங்கர் பாதியாகியும் உறுதி குறைவதில்லை. சாதாரணச் சிமென்டோடு ஒப்பிட்டால் வெளியீடு 40 சதவீதம் வரை குறைகிறது.

2013இல் கியூபாவின் சிகுவானே ஆலையில் முதல் தொழிற்சோதனை நடந்தது. இந்தியாவில் தில்லி, மும்பை, சென்னை ஐஐடிகள் சுவிஸ் அரசின் நிதியுதவியோடு சேர்ந்து உழைத்தன. தில்லி ஐஐடியின் சஷாங்க் பிஷ்னோய் இதில் முன்னின்றவர். கடல் உப்பை எதிர்ப்பதில் இது தனிச் சிறப்புடையது என்று சென்னை ஐஐடியின் ஆய்வுகள் காட்டின. நீண்ட கடற்கரை உள்ள தமிழகத்துக்கு இது சாதாரணச் செய்தியன்று. குறைகளும் உண்டு. கலவை சற்றுக் கெட்டியாக நிற்பதால் இளக்கும் ரசாயனம் கூடுதலாக வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவுவதைத் தடுப்பதில் அது சாதாரணச் சிமென்டைவிடப் பின்தங்குகிறது. இரும்புச்சத்துள்ள களிமண் சுட்டால் சிவப்பாகும்; சாம்பல் நிறம் இல்லாத சிமென்டை வாங்குபவர் நம்புவதில்லை என்பதால், நிறத்தைச் சரிசெய்யவே தனிக் குளிரூட்டும் முறையை ஆலைகள் அமைக்கின்றன. கொலம்பியாவின் ரியோகிளாரோவில் 2020இல் பெரிய களிமண் சூளை இயங்கத் தொடங்கியது. கானாவிலும் பிரான்சிலும் அடுத்தடுத்து வந்தன. இந்தியத் தரநிலை ஐஎஸ் 18189 என்ற எண்ணில் 2023இல் வெளியானது.

பிற வழிகள்

கிளிங்கரே இல்லாத ஜியோபாலிமர் கான்கிரீட் 2014இல் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா விமான நிலையத்தில் போடப்பட்டது. கலவையில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தும் கனடாவின் கார்பன்கியூர், இடிந்த கட்டடத்தின் சிமென்டை எஃகு உலையில் மீண்டும் உருக்கும் கேம்பிரிட்ஜ் முறை ஆகியவை நம்பிக்கை தருகின்றன. மக்னீசியச் சிமென்ட் கண்ட லண்டனின் நோவாசெம் நிறுவனமோ பணம் திரட்ட முடியாமல் 2012இல் கைமாறியது. வாயுவைப் பிடித்து அடைப்பதில் நார்வேயின் பிரெவிக் ஆலை முன்னோடி. 2025 ஜூனில் திறக்கப்பட்ட அமைப்பு ஆண்டுக்கு 4 லட்சம் டன்னைப் பிடிக்கும்; அது ஆலையின் வெளியீட்டில் பாதி. பிடித்தது கப்பலேறி, வடகடலின் அடியில் சுமார் 2,600 மீட்டர் ஆழத்துப் பாறையில் அடைகிறது. ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் திட்டம் அரியலூரிலும் 2019இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய அமைப்புகளுக்கு ஆகும் செலவை அரசின் துணையில்லாமல் ஓர் ஆலை தாங்குவது கடினம்; பிரெவிக்கிலும் பெரும்பங்கு நார்வே அரசினுடையது.

ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் இறக்குமதிச் சிமென்டின் கரிமத்துக்குக் கட்டணம் வைத்துள்ளது. இந்தியாவின் கட்டுமானமோ பெரும்பாலும் உள்நாட்டுச் சிமென்டில் நடப்பது. இங்கே சந்தையைத் திருப்பும் வலிமை பொதுப்பணித் துறைகளுக்கே இருக்கிறது. தரநிலை வந்துவிட்டது, ஆய்வு முடிவுகளும் கையில் உள்ளன. எல்சி3 சிமென்ட் அரசின் விலைப்பட்டியலிலும் டெண்டர் விதிகளிலும் இடம்பெற வேண்டும். அதுவரை ஆலைகள் அதைப் பெருமளவில் உற்பத்தி செய்ய முன்வரா.