கடலில்லாத ஊரின் கடல் வாணிகம்

அயல்நாட்டு வாணிகம் என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவன காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் பரங்கிப்பேட்டையுமே. அலையோசை கேட்கும் ஊர்களுக்கே அவ்வாணிகம் உரியது என்று எண்ணுவது இயல்பு. திருச்சிராப்பள்ளிக்கோ கடல் இல்லை. மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நாற்றிசையும் நோக்கினால் காவிரியும் கொள்ளிடமும் அவற்றிடையே திருவரங்கத் தீவின் கோபுரங்களும் தென்படுமேயன்றி, ஒரு பாய்மரமும் தென்படாது. நாகப்பட்டினத்துக் கடற்கரை இங்கிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனினும் ஈராயிரம் ஆண்டுகளாக இவ்வூரின் பொருள்கள் கடல் கடந்து சென்றவண்ணம் இருந்திருக்கின்றன. அவை எவ்வாறு சென்றன, அவற்றால் வந்த ஊதியம் யாரிடம் தங்கிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறையூர்த் துணி

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டிலிருந்து வாணிகம் செய்த கிரேக்கர் ஒருவர், செங்கடலிலிருந்து நம் கரை வரையுள்ள துறைமுகங்களையும் அங்கங்கே கிடைக்கும் சரக்குகளையும் வரிசைப்படுத்தி ஒரு நூல் எழுதினார். ‘பெரிபுளூஸ்’ என வழங்கும் அந்நூலில் ‘அர்காரு’ என்னும் உள்நாட்டு ஊர் குறிக்கப்படுகிறது. அது சோழர் தலைநகராகிய உறையூரே என்பது அறிஞர் பலரின் முடிபு. அக்கடற்கரையில் எடுத்த முத்துகள் அந்த உள்நாட்டு ஊரிலேதான் விலைக்குக் கிடைத்தன என்றும், அங்கிருந்து சென்ற மெல்லிய துணி அவ்வூர்ப் பெயராலேயே வழங்கிற்று என்றும் அந்நூல் கூறுகிறது.

இச்செய்தியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். முத்து விளைந்தது கடலில். அதை விலைபேசிய இடமோ கடலில்லாத ஊர். துணி உரோமப் பேரரசின் சந்தைக்குப் போயிற்று. போகும்போது நெய்த ஊரின் பெயரையும் உடன் கொண்டு போயிற்று. சரக்கின் மேல் ஊர்ப்பெயர் நிலைத்திருக்கிறதென்றால், அவ்வூரார் கைத்திறனுக்கு அயலார் தனி விலை கொடுத்தனர் என்பதே பொருள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை உறையூரில் அகழாய்வு நடத்தினர். உரோமநாட்டுத் தொடர்பைக் காட்டும் மட்கலத் துண்டுகளும், துணிக்குச் சாயம் தோய்க்கப் பயன்பட்டதெனக் கருதப்படும் தொட்டியும் அங்கு வெளிப்பட்டன. தாய்லாந்தின் தென்பகுதியில், தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவருக்குரிய உரைகல் கிடைத்துள்ளது. ‘பெரும்பதன் கல்’ என்று தமிழி எழுத்தில் உடையவரின் பெயர் அதிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. செங்கடற்கரையில் எகிப்து நாட்டுக் குசைர் அல்கதீமிலும் தமிழ்ப் பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. சரக்கு மட்டுமன்றித் தொழில் அறிந்த மனிதரும் அக்காலத்தே கடல் கடந்தனர் என்பதற்கு இவை சான்றாகும்.

குதிரையும் பொன்னும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. திருவரங்கத்திற்கு வடக்கே, இன்றைய சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் போசளர் தலைநகர் இருந்தது. 1251இல் முடிசூடிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் கண்ணனூரைக் கைப்பற்றி, திருவரங்கக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தான். அத்தகைய பொன்வளம் படைத்திருந்த பாண்டியர், குதிரைக்காக அரபு வணிகரையும் பாரசீக வணிகரையும் எதிர்பார்த்து நின்றனர்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு வியப்பூட்டுவது. பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபர் எனப்பட்ட நம் கடற்கரைக்கு அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். வளைகுடாவின் பிற துறைமுகங்களையும் சேர்த்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார். வழியிற் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்தது. பாண்டிய அரசவையில் உயர்பதவி வகித்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், அந்த ஜமாலுத்தீனின் உடன்பிறந்தாரே ஆவார்.

இதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளுட் பெரும்பாலானவை பேணத் தெரியாமையால் ஓராண்டுக்குள்ளேயே மடிந்தன என்கிறார். குதிரை வைத்தியம் அறிந்தவரும் இலாடம் கட்டுவோரும் இங்கு வாராதபடி அயல்வணிகர் பார்த்துக்கொண்டனர் என்பதும் அவர் கூற்று. குதிரையை விற்றவர் அதைப் பேணும் அறிவை விற்கவில்லை. ஆகவே அடுத்த ஆண்டும் பொன் கப்பலேறிற்று.

குதிரைத் தொடர்பால் ‘இராவுத்தர்’ என்னும் பெயர் நம்மிடையே நிலைத்தது. அது பெருமைக்குரிய பெயரே. ஆனால் விற்றவருள் நம் மார்க்கத்தார் மிகுதி என்பதற்காக இவ்வாணிகத்தை வெறும் பெருமையாகப் பேசிவிட்டுப் போதல் வரலாறு ஆகாது. நுகர்பொருளை வாங்கி, அதன் நுட்பத்தை வாங்காத நாடு எவ்வளவு பொன்வளம் படைத்திருப்பினும் வறுமையை நோக்கியே நடக்கும் என்ற பாடம் அதில் உண்டு.

கணக்கும் அமானத்தும்

தந்தியும் வங்கியும் இல்லாத அந்நாளில், கண்காணாக் கரையிலுள்ள ஒருவனை நம்பிச் சரக்கை எவ்வாறு ஒப்படைத்தனர்? இதற்கு விடை ‘முளாரபா’ என்னும் கூட்டு முறையில் உள்ளது. ஒருவர் முதல் தருவார். மற்றவர் அதைக் கொண்டு பயணம் செய்து வாணிகம் நடத்துவார். ஊதியத்தை முன்னரே பேசிய பங்குப்படி இருவரும் பகிர்வர். வணிகரின் கவனக்குறைவோ வரம்புமீறலோ இன்றி இழப்பு நேர்ந்தால் முதலின் இழப்பு முதலாளியுடையது. உழைத்தவர் இழப்பது தம் உழைப்பை மட்டுமே. பெருமானார் (ஸல்) அவர்கள் இளமையில் கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கைச் சிரியாவுக்குக் கொண்டு சென்றது இத்தகைய முறையிலேயே என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர்.

திருக்குர்ஆனிலுள்ள வசனங்களிலெல்லாம் மிக நீண்டது ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும் அதற்குச் சாட்சி அமைப்பது பற்றியும் பேசுகிறது. நம்பிக்கை இருக்கும்போது எழுத்து எதற்கு என்று கேட்பாருக்கு இதுவே போதிய விடை. நம்பிக்கையைக் காப்பதற்கே எழுத்து.

இவ்வாணிகம் நம் மொழியிலும் தடம் பதித்திருக்கிறது. அசல், பாக்கி, வசூல், ஜாமீன் ஆகியவை அரபு மூலமுடையவை. கப்பலோட்டும் ‘மாலுமி’ அரபியின் ‘முஅல்லிம்’ என்பர். மறுபுறம், நம் ‘சுருட்டு’ ஆங்கிலேயர் வாயில் ‘செரூட்’ ஆயிற்று. சொல்லும் சரக்கைப் போலவே இரு திசையிலும் பயணம் செய்கிறது.

இருப்புப் பாதை வந்த பின்

அச்சுருட்டுக்குத் திருச்சிராப்பள்ளி உலகப் புகழ் பெற்றது. புகையிலை திண்டுக்கல் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் விளைந்தது; உறையூர்ப் பகுதியில் அதைப் பதப்படுத்திச் சுருட்டினர். 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதையொன்றில் சாம்பலைக் கண்டே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கூறுகிறார் என்றால் அதன் புகழை உணரலாம். புகையிலையின் கேடு ஐயமற நிறுவப்பட்டுள்ள இந்நாளில் அத்தொழில் மீளவேண்டும் என்று எவரும் விரும்பார். ஆயினும் முன்பு துணிக்கு நேர்ந்தது போலவே இங்கும் ஊர்ப்பெயர் சரக்கில் ஒட்டிக்கொண்டது என்பது குறிக்கத்தக்கது.

நாகப்பட்டினத்திலிருந்து போடப்பட்ட இருப்புப் பாதை 1862இல் திருச்சியை எட்டியது. கடலில்லாத ஊருக்குத் துறைமுகம் ஒருநாட் பயணத்திற்குள் வந்தது. பின்னர்த் தென்னிந்திய இரயில்வேயின் தலைமையகமும் இங்கு அமைந்தது. 1928இல் பொன்மலைப் பணிமனையும் எழுந்தது.

ஆனால் அந்தப் பாதை சரக்கை மட்டும் கொண்டு செல்லவில்லை. இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஆள் திரட்டுவதற்காக 1904இல் திருச்சியிலேயே தொழிலாளர் ஆணையகம் ஒன்றை நிறுவினர். வறட்சியாலும் கடனாலும் நொந்த உழவர்கள் கங்காணிகளின் வழியே தேயிலை மலைகளுக்கு அனுப்பப்பட்டனர். உறையூர்த் துணி தன் பெயரோடு கடல் கடந்தது. இம்மக்களோ பெயரிழந்து, பேரேட்டில் எண்ணாகிக் கடல் கடந்தனர். இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே அவர் வழியினரிற் பெரும்பாலோர் குடியுரிமை அற்றோராயினர். 1964 ஒப்பந்தப்படி அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. கைத்தொழிலைக் காக்கத் தவறிய நாடு இறுதியில் கைகளையே ஏற்றுமதி செய்கிறது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

தோல் தந்த கல்விச்சாலை

நம் சமுதாயத்தாருக்கு நெருக்கமான வாணிகம் தோல் வாணிகமாகும். திண்டுக்கல், ஈரோடு, வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு ஆகிய ஊர்களைப் போன்றே திருச்சியிலும் தோல் ஷாப்புகள் இருந்தன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டு அரைப்பதமாக்கிய தோல் சென்னை வழியே இலண்டனுக்குச் சென்றது. அங்கே முழுப்பதமாகி, காலணியாகவும் கையுறையாகவும் மாறிப் பன்மடங்கு விலை பெற்றது. துர்நாற்றமும் நோயும் இங்கே. மெருகும் பெருவிலையும் அங்கே.

இத்துறையிற் பெருஞ்செல்வம் ஈட்டிய சென்னை வணிகர் ஜமால் முஹம்மது சாஹிப், 1931இல் நடந்த இரண்டாவது வட்டமேசை மாநாட்டில் இந்திய வணிகரின் சார்பாளருள் ஒருவராக அமர்ந்தார். அவரும் திருச்சி வள்ளல் காஜாமியான் இராவுத்தரும் கொண்ட கல்வி வேட்கையின் விளைவாக 1951இல் தோன்றியதே திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி. கப்பலேறிய தோலின் விலை, ஏழை மாணவரின் ஏடாகத் திரும்பி வந்தது. இதுவன்றோ வாணிகத்தின் பயன்!

1972இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலையும் தோற்பொருளையும் ஊக்குவித்தது. அன்று பலர் அஞ்சினர். தொழில் அழிந்துவிடும் என்றனர். நடந்ததோ வேறு. காலணி தைக்கும் ஆலைகள் பாலாற்றங்கரை ஊர்களில் எழுந்தன. பெண்கள் பல்லாயிரவர் வேலை பெற்றனர். ஆனால் கழிவுநீர் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தமையால் உச்ச நீதிமன்றம் 1996இல் கடுமையான தீர்ப்பு வழங்க நேர்ந்தது. அண்டை வீட்டாரின் குடிநீரைக் கெடுத்து வரும் ஊதியத்தை ஹலாலான ஊதியம் என்று எந்த ஆலிம் சொல்லக்கூடும்?

பட்டை தீட்டிய கல்

திருச்சி வட்டாரத்தின் மற்றொரு கைத்தொழில் செயற்கை வைரம் பட்டை தீட்டுதல். செயற்கை மாணிக்கம் உண்டாக்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலார் வெர்நுயி 1902இல் வெளியிட்டார். ஐரோப்பாவில் விளைந்த கல், நம் சிற்றூர்த் திண்ணைகளில் பட்டை பெற்று ஒளிர்ந்தது. கல் நம்முடையதன்று, கைத்திறன் நம்முடையது. எல்லா மதத்துக் குடும்பங்களும் அதில் உலை வைத்துண்டன. 1990களுக்குப் பின் சீனத்தில் இயந்திரத்தால் பட்டையிட்ட கற்கள் மலிவாக வந்தன. கையின் நுட்பத்தோடு கருவியின் நுட்பத்தையும் காலத்தே கற்காத பட்டறைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. இலாடம் கட்டும் வித்தையை வாங்காத பாண்டியர் கதையே ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் நிகழ்ந்தது.

இன்றைய வாய்ப்பு

சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரைச் சுமந்த ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கடற்பயணம் முடிவுற்றது. இன்று திருச்சி விமான நிலையமே நம் துறைமுகம். 2024இல் அதன் புதிய முனையம் திறக்கப்பட்டது. கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் ஆகிய ஊர்களுக்கு இங்கிருந்தே பறக்கலாம். ஆனால் அதில் ஏறுவோரைப் பாருங்கள்: உழைப்பை விற்கச் செல்லும் இளைஞரே மிகுதி, பொருளை விற்கச் செல்வோர் மிகச் சிலர். உழைத்து ஈட்டுவதில் இழிவொன்றுமில்லை. ஆயினும், மகன் பெட்டியோடு போய்த் தந்தையின் ஜனாஸாவுக்கும் வர இயலாத வாழ்வை மட்டுமே தலைமுறைதோறும் வழங்கிக்கொண்டிருப்பதா?

திருவரங்கத் தீவிலும் இலால்குடி, தொட்டியம் பகுதிகளிலும் வாழைத் தோட்டங்கள் செழிக்கின்றன. தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் 1993 முதல் திருச்சியிலேயே இயங்குகிறது. உலகில் மிகுதியாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. மிகுதியாக ஏற்றுமதி செய்வதோ ஈக்வடார். காயாகவே அறுத்து, தாரில் அடிபடாமற் பேணி, குளிரூட்டிய பெட்டியில் பக்குவம் குலையாமற் கொண்டு சேர்க்கும் அறிவே இந்த வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணம். விளைவது மட்டும் செல்வமாகாது. கெடாமற் கொண்டு சேர்ப்பதும் செல்வமே.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருபதாண்டு வாழ்ந்தோர் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அந்நாட்டுச் சந்தையும் மொழியும் சுவையும் அவர்கள் அறிந்தவை. அங்கு அவர்களுக்கு நற்பெயரும் உண்டு. இங்கே முதலுடையவர் உளர். தொழில் அறிந்த நெசவாளரும் உழவரும் உளர். இம்மூவரையும் இணைக்கும் ‘முளாரபா’ முறை நம் நூல்களில் வெறும் பாடமாக உறங்குகிறது. ஓதுவது நாமே, அதை நடைமுறைப்படுத்தாதிருப்பவரும் நாமே.

ஆகவே, ஊர் திரும்பும் மகனைப் பார்த்து எவ்வளவு கொண்டு வந்தாய் என்று கேட்பதோடு நில்லாமல், அந்நாட்டார் எதை விரும்பி வாங்குகின்றனர், அதை நம்மூரில் யார் செய்கின்றனர் என்றும் கேளுங்கள். விடை கிடைத்தால் உடன் ஓர் ஏட்டை எடுத்துப் பங்கையும் பொறுப்பையும் இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். உறையூரின் பெயரைக் கடலுக்கு அப்பால் கொண்டு சென்ற வாணிகமும் ஒருநாள் அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்.