மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை: பி-04, பி-06 சோதனைகள்

மார்பகப் புற்றுநோய்க்கு எவ்வளவு அறுத்தால் போதும் என்ற கேள்விக்கு விடை தேடி 1970களில் அமெரிக்காவில் தொடங்கிய இரண்டு மருத்துவச் சோதனைகள் பி-04, பி-06. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் பெர்னார்டு ஃபிஷர் (1918–2019) தலைமையில் என்.எஸ்.ஏ.பி.பி. என்ற ஆய்வுக் கூட்டமைப்பு இவற்றை நடத்தியது. புற்றுநோய்ச் சோதனை என்றதும் புது மருந்துதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இவையோ, முக்கால் நூற்றாண்டாகப் பெரும்பாலும் கேள்வியில்லாமல் நடந்துவந்த ஒரு சிகிச்சை தேவைக்கு மிஞ்சியது என்று காட்டியவை.

அந்தச் சிகிச்சையை நிலைநிறுத்தியவர் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட். புற்று கட்டியிலிருந்து அக்கம்பக்கத்துக்கும், அங்கிருந்து அக்குள் நெறிக்கட்டிகளுக்கும், அவற்றைத் தாண்டியே உடலுக்கும் பரவுகிறது என்று அவர் கருதினார். ஆகவே மார்பகம், அதன் கீழுள்ள மார்புத் தசைகள், அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒருசேர அகற்றினார். அவருடைய 1894ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின் இம்முறை பரவியது. அறுத்த இடத்தில் கட்டி திரும்ப முளைப்பது குறைந்தது உண்மைதான். ஆனால் பிழைத்த பெண்ணுக்கு விலா எலும்புமேல் தோல் மட்டும் மிஞ்சியது, கை வீங்கியது, தோளை முன்போல் அசைக்க முடியவில்லை. அமெரிக்காவில் சதைப் பரிசோதனைக்காக மயக்க மருந்து பெற்ற பெண், கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா என்றே தெரியாமல் படுத்தாள். கட்டி புற்று என்று தெரிந்தால் அதே மேசையில் முழு அறுவையும் நடந்துவிடும். இந்த வழக்கத்தை எதிர்த்து எழுதியவர்களில் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் முக்கியமானவர்.

மருத்துவர்களிலும் மறுத்தவர்கள் இருந்தார்கள். லண்டனில் ஜெஃப்ரி கெயின்ஸ் 1920களிலேயே சிறிய அறுவையோடு ரேடியம் வைத்துச் சிகிச்சை அளித்தார். ஆனால் தம் நோயாளிகளைத் தாமே தேர்ந்தெடுத்துவிட்டு, இன்னொருவரின் நோயாளிகளோடு ஒப்பிட்டு எதையும் நிறுவ முடியாது. நோய் முற்றாதவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் எந்தச் சிகிச்சையும் நல்லதாகத்தான் தெரியும். யாருக்கு எந்த அறுவை என்பதை மருத்துவரிடம் விடாமல் குலுக்கலிடம் விடுவதுதான் வழி.

1971இல் தொடங்கிய பி-04இல் 1,665 பெண்கள் சேர்ந்தார்கள். அக்குளில் நெறிக்கட்டி தட்டுப்படாதவர்கள் மூன்று பிரிவானார்கள்: ஹால்ஸ்டெட் முறை அறுவை பெற்றவர்கள், மார்பகத்தை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சும் பெற்றவர்கள், மார்பகத்தை மட்டும் அகற்றிக்கொண்டவர்கள். இங்கேதான் குலுக்கலின் பலம் தெரிகிறது. முதல் பிரிவில் அகற்றிய நெறிக்கட்டிகளைச் சோதித்தபோது சுமார் 40 விழுக்காட்டினருக்கு உள்ளே புற்று ஒளிந்திருந்தது. மூன்றாம் பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவு இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கோ அக்குளைத் தொடவே இல்லை. பின்னாளில் அங்கே நோய் தலைகாட்டி அறுவை தேவைப்பட்டது அவர்களில் சுமார் 18 விழுக்காட்டினருக்குத்தான். உயிர் பிழைத்திருப்பதில் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 25 ஆண்டுக் கணக்கு 2002இல் வெளியானபோதும் முடிவு மாறவில்லை.

அப்படியானால் மார்பகத்தையே அகற்ற வேண்டுமா? 1976இல் தொடங்கிய பி-06 எடுத்துக்கொண்ட கேள்வி இது. 4 செ.மீ.க்கு மிகாத கட்டி உள்ளவர்களில் ஒரு பிரிவுக்கு மார்பகம் முழுதும், மற்ற இரண்டுக்குக் கட்டி மட்டும் அகற்றப்பட்டது. அந்த இரண்டில் ஒன்றுக்குக் கதிர்வீச்சும் உண்டு. ஆள் சேர்வது மந்தமாக இருந்ததால், முதலில் குலுக்கிவிட்டு, விழுந்த சிகிச்சையைச் சொல்லி ஒப்புதல் கேட்கும் முறைக்கு இடையில் மாறினார்கள். எண்ணிக்கை கூடியது, ஆனால் நெறிமுறைப்படி இது சரியா என்ற விவாதம் ஓயவில்லை. 20 ஆண்டுகளுக்குப் பின் மூன்று பிரிவிலும் உயிரோடிருந்தவர்கள் 46–47 விழுக்காடு. கட்டியை மட்டும் எடுத்தவர்களில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது 39.2 விழுக்காட்டினருக்கு, கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14.3 விழுக்காடு. மிலானில் உம்பெர்த்தோ வெரோனேசி 701 பெண்களிடம் நடத்திய சோதனையும் மார்பகத்தைக் காப்பாற்றலாம் என்றே முடிந்தது.

1994இல் ஒரு புயல் வீசியது. மாண்ட்ரியால் மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர், தகுதியில்லாத சில பெண்களை விவரங்களைத் திருத்திப் பி-06 சோதனையில் சேர்த்திருந்தது வெளியே தெரிந்தது. தவறு செய்தவர் ஃபிஷர் அல்லர். இருந்தும் தலைமைப் பொறுப்பிலிருந்து அவரை நீக்கினார்கள். அந்த மருத்துவமனையின் கணக்கு முழுவதையும் விலக்கிப் பார்த்தபோதும் முடிவு அப்படியே நின்றது. 1997இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது.

புற்று தொடக்கத்திலேயே உடல் முழுவதற்குமான நோய் என்பது ஃபிஷரின் கொள்கை. அறுவைக்குப் பின் மருந்து தரும் பழக்கத்துக்கு அது வலுச்சேர்த்தது. ஆனால் அதுவும் முழு உண்மையன்று. 10,801 பெண்களின் தரவுகளைத் திரட்டி 2011இல் வெளியான தொகுப்பாய்வு, கட்டியை மட்டும் அகற்றியபின் தரும் கதிர்வீச்சு மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணத்தையும் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைப்பதைக் காட்டியது. அதாவது, மார்பகத்தில் மிஞ்சிய புற்றும் பின்னர் பரவி உயிரைப் பறிக்கலாம்.

இதனால் மார்பகத்தைக் காக்கும் அறுவைக்குக் கதிர்வீச்சு ஏறக்குறையப் பிரிக்க முடியாத துணையாகிவிட்டது. ஐந்தாறு வாரம் தினமும் கருவிக்கு முன் படுக்க வேண்டும் என்றால், தொலைவில் இருக்கும் பெண் பயணச் செலவும் கூலி இழப்பும் கருதி முழு மார்பகத்தையும் அகற்றிக்கொள்ளச் சம்மதித்துவிடக்கூடும். பிரிட்டனில் 4,096 பேரிடம் நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்டு சோதனை இதற்கு ஒரு வழி காட்டியது. அங்கே ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த மூன்று வாரக் கதிர்வீச்சுக்கு, ஒரே வாரத்தில் ஐந்து தவணையில் தருவது குறைந்ததல்ல என்று 2020இல் அதன் முடிவு வெளியானது.