பட்டியல் பிரித்த குடும்பங்கள்: நெகிரி செம்பிலான் தோட்டங்களும் அறிபுனை நாவலும்

உறவு முறிவைப் பேசும் நாவலில் சொத்து, காதல், சாதி என்று ஏதோ ஒரு சண்டை இருக்கும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர்த் தோட்டங்களில் சண்டையே இல்லாமல் பிரிந்த குடும்பங்கள் ஏராளம். அவற்றைப் பிரித்தது பெயர்ப்பட்டியல்.

முதல் பட்டியல் ஜப்பானியர் காலத்தது. 415 கி.மீ. நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைந்தது. மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் அதற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். ஆட்கள் மட்டும் போகவில்லை. நெகிரி செம்பிலானின் கிம்மாஸில் பிரிந்து பகாவ் வழியாகக் கிழக்குக்கரைக்குப் போகும் இருப்புப்பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களும் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோகப்பட்டன. ஜப்பானியர் கேட்ட தலைக்கணக்கைத் தோட்டத்திலேயே நிரப்ப வேண்டியிருந்தது. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஆட்களை எண்ணி நிறுத்தியவர்கள் எழுத்தரான கிராணியும் மேற்பார்வையாளரான கங்காணியும். கிராணி பெரும்பாலும் மலையாளியோ யாழ்ப்பாணத்தவரோ. வெளியாள் என்று ஒதுக்கிவிடலாம். கங்காணியை அப்படி ஒதுக்க முடியாது. 1938-இல் நின்றுபோன கங்காணி முறையில், அவர் தம் சொந்த ஊரிலிருந்தே, சில வேளை தம் உறவிலிருந்தே, ஆள் கட்டி வந்தவர். யாரை அனுப்புவது, யாரை நிறுத்திக்கொள்வது என்பதில் அவர் வாய்ச்சொல்லுக்கும் எடை இருந்தது. போர் முடிந்த பிறகும் எஞ்சியவர்கள் அதே லயத்தில், தோட்ட வரிசை வீடுகளில், அவர் முகத்தில் விழித்தாக வேண்டும்.

இந்த ரயில் பாதைக் கதை நாவலாவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் வந்தது; அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005-இல். இரண்டின் கனமும் முகாமின் கொடுமையில்தான் இறங்குகிறது. அது நியாயமே. ஆனால் ஊரில் எஞ்சியவர்களுக்குள் நடந்திருக்க வேண்டிய கணக்குத்தீர்ப்பு அவற்றில் பின்தங்கிவிடுகிறது.

இரண்டாவது பட்டியலை எழுதியது சட்டம். 1968 வேலைவாய்ப்பு (கட்டுப்பாடு) சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் பெற வேண்டியிருந்தது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். கணவனிடம் குடிமகனுக்கான நீலக் கார்டு, மனைவியிடம் சிவப்பு என்ற வீடுகளில் யாரை யார் கோபித்துக்கொள்வது?

கோபிக்க ஆளில்லாமல் பட்டியலே உறவைப் பிரிக்கும் இந்த இடத்தில் யதார்த்த நாவல் தடுமாறுகிறது; அறிபுனைக்கு வசதி அதிகம். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில், குழந்தை பெறவும் அரசு அனுமதி தேவைப்படும் 2021-இல் நிலா காணாமற்போன கணவனைத் தேடுகிறாள். சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு அந்த அரசு அவ்வளவு அந்நியமாகத் தெரிந்திருக்காது. எனினும் நாவலின் ஓட்டம் அரசியல் புதிருக்குள் போய்விடுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) உறவுக்குள் நடக்கும் கணக்குத்தீர்ப்புக்கு இன்னும் நெருங்கி வருகிறது. 1976-இல் வாழும் கறுப்பினப் பெண் டேனா, 19ஆம் நூற்றாண்டு மேரிலாந்தின் அடிமைத் தோட்டத்துக்கு இழுக்கப்படுகிறாள். தோட்ட முதலாளி மகன் ரூஃபஸை அவள் மறுபடி மறுபடி காப்பாற்றியாக வேண்டும். அவன் அவளுடைய மூதாதை. அவனை மன்னிப்பதா என்று எட்ட நின்று யோசிக்க அவளுக்கு அவகாசமே இல்லை. முடிவில் அவனைக் கொல்கிறாள், தன் கையையும் இழக்கிறாள்.

அடிமைமுறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல; ரூஃபஸும் கங்காணியும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவர்கள் அல்லர். பட்லரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கதையமைப்பைத்தான்: தீங்கு செய்தவனும் சொந்த இரத்தம், அவன் இல்லாவிட்டால் தானும் இல்லை. சயாம் ரயிலைப் பேசும் நாவலின் அடுத்த கட்டத்தை, மாண்டவரின் பேரனைவிடக் கங்காணியின் பேத்தியே 1942-இன் பெரட்டுக்களத்துக்குத் திரும்பிப்போய்ச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.