மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல்

பழைய ஒயின்னு பேச்செடுத்தாலே போர்தோதான் (போர்டோக்ஸ்னு படிக்கப்படாது :-)). 1855ல பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் ஒரு தரப்பட்டியல் கேட்டார். ஒயின் தரகர்கள் விற்ற விலையை வெச்சே அந்த ஊர் சிவப்பு ஒயின்களை அஞ்சு படியா அடுக்கிக் கொடுத்தாங்க. மேல்படியில நாலு பேர்: லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன். அப்புறம் அந்தப் படியில சேர்ந்தது ஒரே ஒரு ஆள், 1973ல மூத்தோன் ரோத்ஷீல்ட்.

செய்முறை ரொம்ப எளிமை, பொறுமைதான் கஷ்டம். கபர்னே, மெர்லோ மாதிரி ரெண்டு மூணு திராட்சையோட ஒயினைக் கலந்து, 225 லிட்டர் ஓக் பீப்பாயில போட்டு வைப்பாங்க. மண்டி அடியில தங்கினதும் தெளிவை மட்டும் வேற பீப்பாய்க்கு மாத்துவாங்க. அப்புறம் பாட்டில்ல வருஷக்கணக்கா தூக்கம்.

இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு தமிழ் வார்த்தை ஞாபகம் வந்தது. தேறல். தேறுதல்னா தெளிதல். மண்டி போக நிக்கிற தெளிவுக்குத்தான் அந்தப் பேரு. வார்த்தைக்குள்ளயே செய்முறை இருக்கு பாருங்க!

இந்தத் தேறலுக்கு ஒரு மலையும் உண்டு. காவலூர் தொலைநோக்கி இருக்கே, அந்த ஜவ்வாது மலைப் பக்கம். மலை அடிவாரத்துச் செங்கம்தான் சங்க காலத்துச் செங்கண்மா, நன்னன் சேய் நன்னனோட ஊர். அவனைப் பெருங்கௌசிகனார் பாடின 583 அடிப் பாட்டுதான் மலைபடுகடாம். அதுல வர்ற சேயாறு, ஜவ்வாது மலையில பிறக்கிற இன்றைய செய்யாறு. நவிர மலைங்கிறது தொடரை ஒட்டி நிக்கிற பர்வதமலைனு பலரும் சொல்றாங்க.

நன்னன்கிட்ட பரிசு வாங்கப் போற கூத்தர்களுக்கு வழி சொல்ற பாட்டு இது. வழியில குறவர் வீடுகள்ல என்ன கிடைக்கும்னு ஒரு பட்டியலே வருது. முதல்ல, மூங்கில் குழாயில ஊத்தி முதிர வெச்ச தேன் தேறல். குறைவில்லாம குடிக்கலாமாம். மறுநாள் விடியல்ல தலை கனக்குமே? அதுக்கும் மருந்து சொல்றார் புலவர். பலாக்கொட்டை மாவு, கடமான் கறி, முள்ளம்பன்றிக் கறி, உடும்புக் கறி, புளி, மோர் எல்லாம் சேர்த்து மூங்கில் அரிசியில ஆக்கின சோறு! அதையும் சும்மா போடல. பெத்த புள்ளைங்களை மாதிரி முறை சொல்லி, போக விடாம நிறுத்தி, வீட்டுக்கு வீடு போடறாங்க.

எதைக் கலந்தாங்கன்னு அகநானூறு 348ல கொஞ்சம் தெரியுது (எந்த மலைனு அந்தப் பாட்டு சொல்லல). மாம்பழம், பலாச்சுளை, தேன். எல்லாம் மூங்கில்ல முதிர்ந்து பாம்புக் கடுப்பு மாதிரி ஏறுமாம். மலைக் கடவுளுக்குப் படைச்சுட்டுக் குடிச்ச குறவர்கள் தினைக் காவலை மறந்துடறாங்க, யானை வந்து தினையை வாரிக்கிட்டுப் போயிடுது. புறநானூறு 120ல பாரியோட நாட்டில மண்ணுல புதைச்சு முதிர வெச்ச மது, புல் வேய்ந்த குடிசைதோறும் போகுது.

இதே காலத்துல யவன ஒயினும் வந்திருக்கு. புறம் 56ல பாண்டியன் நன்மாறனுக்குப் பொற்கலத்துல ஊத்திக் கொடுக்கறாங்க. அரிக்கமேட்டுல 1945ல வீலர் தோண்டினப்ப மத்தியதரைக்கடல் ஜாடித் துண்டுகள் கிடைச்சுது. அதனால சங்க காலக் குடின்னாலே அருங்காட்சியகத்துல நமக்குக் காட்டறது யவன ஜாடிதான். மண் ஓடு ரெண்டாயிரம் வருஷம் தாங்கும். மூங்கில் மக்கிப் போகும். ராஜா குடிச்சதுக்குத் தடயம் இருக்கு, குறத்தி ஊத்திக் கொடுத்ததுக்குப் பாட்டு மட்டும்தான் சாட்சி. அந்தப் பாட்டும் ஓலைச்சுவடி. 1889ல உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பிக்கலேன்னா அதுவும் நம்ம கைக்கு வந்திருக்குமோ என்னவோ.

போர்தோவுக்கு அரசாங்கம் கேட்டுப் பட்டியல் போட்டுச்சு. இங்கே அரசாங்கம் போட்டது வேற மாதிரி. 1886ல சென்னை மாகாண அப்காரி சட்டம், 1937ல மதுவிலக்குச் சட்டம், 2003ல இருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக். இன்னைக்கு ஒருத்தர் மூங்கில்ல தேனைப் புளிக்க வெச்சா வழக்குதான். குடிக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா ஒரு மண்ணோட தேனும் பழமும் மூங்கிலும் சேர்ந்த ஒரு கைப்பக்குவம் பேரே இல்லாம போச்சுங்கறதைச் சொல்லியாகணும் இல்லியா?

இப்ப அந்த மலையில இருக்கிற மலையாளிப் பழங்குடிகள் (பேருதான் அப்படி, பேசறது தமிழ்) காஞ்சிபுரத்துல இருந்து வந்ததா சொல்லிக்கறவங்க. அதனால அந்தக் குறவர்களோட நேர் வாரிசுன்னு சொல்லிட முடியாது. தேன் மட்டும் இன்னும் இருக்கு, ஜவ்வாது மலைத் தேன்னு கடைக்கு வருது.

1985ல லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல, 1787ஆம் வருஷத்து லஃபீத்னு சொல்லி ஒரு பாட்டில் 1,05,000 பவுண்டுக்குப் போச்சு. வாங்கினவங்க காட்சிக்கு வெச்சாங்க. நிஜமாவே அந்தக் காலத்துச் சரக்குதானான்னு பின்னாடி பெரிய சந்தேகமும் கிளம்புச்சு. நம்ம மலைக்காரங்க முதிர வெச்சது, முன்னப்பின்ன தெரியாத கூத்தாடிக்கு ஊத்தறதுக்கு.

வீட்டுல பத்துப்பாட்டு இருந்தா எடுத்து, மலைபடுகடாத்துல 171ஆம் அடியில இருந்து படிச்சுப் பாருங்க. சாப்பிட்டுட்டுப் படிக்கறது நல்லது :-)