துடைக்கக்கூடாத துரு: கத்தி சேகரிப்போரின் மரியாதையும் சச்சரவும்

ஜப்பானியப் பழைய வாள் ஒன்றைப் பார்க்கக் கையில் வாங்குபவர் முதலில் அதற்குத் தலைவணங்குவார். உருவும்போது கூர்ப்பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூர் உறையின் உட்புறத்தைச் சீவிவிடும். உருவிய அலகின் மீது குனிந்து பேசக்கூடாது, எச்சில் தெறிக்கும். விரல் படக்கூடாது, வியர்வையின் உப்பு துருப்பிடிக்க வைக்கும். தாங்கிப் பிடிக்கப் பட்டுத்துணி வேண்டும். அடுத்தவரிடம் தரும்போது கூர் தன் பக்கம் இருக்க, வாங்குபவர் பிடியை நன்றாகப் பற்றிக்கொண்டார் என்று தெரிந்த பிறகே கையை விட வேண்டும். மூச்சின் ஈரத்துக்கே கறைபடும் எஃகு அது. கறை போக மெருகேற்றினால் ஒவ்வொரு முறையும் மேற்பரப்பு சற்றுத் தேயும். பலமுறை மெருகேறிய வாளில் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். ஆகவே இந்த விதிகளின் காரணம் எவருக்கும் எளிதில் விளங்கும்.

விளங்காத விதி ஒன்று உண்டு. அலகில் ஊசிமுனைத் துருவைக் கண்டாலும் பதறுகிற அதே மனிதர்கள், கைப்பிடியைக் கழற்றினால் தெரியும் காம்புப் பகுதியின் துருவை யாராவது சுரண்டினால் கொதித்துப்போவார்கள். ‘நகாகோ’ எனப்படும் அந்தக் காம்பு, நூற்றாண்டுகளாகக் கறுத்துத் தடித்த துருவோடு அப்படியே இருக்க வேண்டும். எண்ணெய்கூட அதிகம் படக்கூடாது.

கத்தி, வாள் சேகரிப்போரிடையே நிலவும் மரியாதைகளைப் பாதுகாப்பு முறைகள் என்றோ, பணம் படைத்தவர்களின் பகட்டு என்றோ ஒதுக்கிவிடுவது வழக்கம். இரண்டுமே ஓரளவு உண்மை. ஆனால் காம்பின் துருவை அவை விளக்கவில்லை. துருவைச் சுரண்டினால் யார் கையும் அறுபடாது. சுரண்டாமல் விட்டால் வாள் அழகாகவும் தெரியாது. இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இதுதான்: சேகரிப்போரின் மரியாதை பெரும்பாலும் சான்றுகளைக் காக்கும் ஏற்பாடு. அவர்களுடைய சச்சரவுகளும், ரசனைச் சண்டைபோலத் தோன்றினாலும், எதைச் சான்றாக ஏற்பது என்ற வழக்குகளே.

நகாகோவில் கொல்லரின் கையொப்பம் இருக்கும். சில வாள்களில் தேதியும் இருக்கும். அரம் இழுத்த கோடுகளின் சாய்வு எந்தப் பட்டறை மரபு என்று காட்டும். துருவின் நிறமும் ஆழமும் வயதைச் சொல்லும். கையொப்பத்தின் வெட்டுக்குள்ளும் அதே பழைய துரு படிந்திருக்கிறதா, அல்லது துருவின் மேல் பின்னாளில் உளி ஓடியிருக்கிறதா என்பதை வைத்துப் போலியைப் பிடிக்கலாம். ஆக, கண்ணுக்கு அழுக்காகத் தெரிவது ஓர் ஆவணம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் ஜப்பானிலிருந்து பெருமளவில் வாள்களை ஊருக்குக் கொண்டுபோனார்கள். துப்பாக்கியைத் துடைத்துப் பளபளப்பாக வைக்கப் பழகிய கைகள், கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் காம்பையும் தேய்த்துப் ‘புதிதாக்கின’. இன்றும் அமெரிக்க வாள் சேகரிப்பாளர் ஒருவருக்கு, தாத்தாவின் பரணில் கிடைத்த வாளோடு வருகிறவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் ‘எதையும் தேய்க்காதீர்கள்’ என்பதுதான்.

சான்று இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஜப்பானிய வாள்களில் அது அரிதான நிலையன்று. போர்முறை மாறியபோது நீண்ட பழைய வாள்களைக் காம்புப் பக்கம் வெட்டிக் குறுக்கினார்கள். கையொப்பமும் அதோடு போயிற்று. பதினான்காம் நூற்றாண்டுக் கொல்லர் கோ யோஷிஹிரோவின் கையொப்பமிட்ட வாள் ஒன்றுகூட உறுதியாகக் கிடைத்ததில்லை. பேயைப்போல அவர் வாளையும் கண்டவரில்லை என்று வாள் வட்டாரத்தில் ஒரு கேலி உண்டு. ஆனாலும் அவருடையவை என்று போற்றப்படும் வாள்கள் இருக்கின்றன. 1719-இல் ஷோகுன் தொகுகாவா யோஷிமுனேயின் ஆணைப்படி ஹொன்அமி குடும்பத்தார் தொகுத்த புகழ்பெற்ற வாள்களின் பட்டியலில் அவை இடம்பெற்றன. தலைமுறை தலைமுறையாக வாள்களை மெருகேற்றியும் மதிப்பிட்டும் வந்த குடும்பம் அது. இவர்களின் கண்ணே அங்கே சான்று.

கண்ணைச் சான்றாக ஏற்கும் சமூகம் அதைச் சோதிக்கவும் வழி வைத்திருக்கிறது. ‘கான்டெய்’ என்னும் மதிப்பீட்டுக் கூட்டத்தில் காம்பை மறைத்து வாளை வைப்பார்கள். வளைவு, எஃகின் நெய்வுக்கோலம், தோய்ச்சலில் கூர் ஓரமாகப் பிறந்த அலைவரி ஆகியவற்றை மட்டும் பார்த்துக் கொல்லரின் பெயரைத் தாளில் எழுதி நடுவரிடம் தர வேண்டும். பெயர் சரி என்றால் ‘அதாரி’. முற்றிலும் பொருந்தாவிட்டால் ‘இயா’. சுவையானது இரண்டுக்கும் நடுவில் இருப்பது: எழுதிய பெயர் தவறு, ஆனால் அவர் உண்மையான கொல்லரின் குருவோ, சீடரோ, அதே பட்டறை மரபில் கைவண்ணம் பிரிக்க முடியாதவரோ என்றால் ‘தோஸென்’, அதாவது ஏறக்குறைய சரிக்குச் சமம் என்ற விடை. தவறியவர் மறுபடி ஊகிக்கலாம்.

இந்த நடுவிடை வெறும் கருணை அன்று. ஒரு மரபுக்குள் தனியாளைப் பிரித்தறிய முடியாத எல்லை உண்டு என்பதை முறையாக ஒப்புக்கொள்வது அது. முதுநிபுணரும் புதியவரும் ஒரே வாளின் முன்னால் தாளில் எழுதித்தான் தர வேண்டும். முதலில் உரக்கச் சொல்லி மற்றவர்களை மடக்க இடமில்லை. கருத்துவேறுபாட்டை இவ்வளவு நாகரிகமாக நடத்தும் ஏற்பாடு பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில்கூடக் குறைவு.

பசிபிக்குக்கு அந்தப் பக்கம் இத்தகைய சடங்கு ஏதுமில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளரின் உலகம் மடக்குக் கத்திகளாலும் தனிக் கலைஞர்கள் கையால் செய்த வேட்டைக் கத்திகளாலும் ஆனது. விதிகளும் சந்தை விதிகள்: கண்காட்சியில் மேசைமேல் இருப்பதைக் கேட்காமல் எடுக்காதே, மடக்கித் தந்த கத்தியை மடக்கியே திருப்பிக் கொடு, கூரைக் கட்டைவிரலால் வருடிப் பார்க்காதே, செய்தவர் காதுபட விலையைக் குறை சொல்லாதே. கத்தியைப் பரிசாகப் பெற்றால் பதிலுக்கு ஒரு காசாவது கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நட்பு அறுந்துபோகும் என்ற பழைய நம்பிக்கையும் உண்டு.

ஆனால் அங்கேயும் சண்டை சூடாகிற இடம் சான்றுதான். பென்சில்வேனியாவின் பிராட்ஃபர்டில் தயாராகும் கேஸ் நிறுவனத்தின் மடக்குக் கத்திகளை எடுத்துக்கொள்ளலாம். அலகின் அடியில், கீலையொட்டிப் பதித்திருக்கும் முத்திரையின் கீழ் 1970-இல் பத்துப் புள்ளிகள் இட்டார்கள். ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து 1979-இல் ஒரு புள்ளிக்கு வந்தார்கள்; 1980-இல் முத்திரை எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள். கத்தியின் பிறந்த ஆண்டு இப்படி அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் பழைய கத்தியைப் பஃப் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவது முத்திரையின் விளிம்பை மழுக்கிப் புள்ளிகளையும் கரைக்கும். அது சுத்தமா, அழிப்பா? வீட்டுச் சமையலறைக்கு வாங்கியவருக்குச் சுத்தம்; சேகரிப்பாளருக்கு அழிப்பு. மெருகேற்றியதைச் சொல்லாமல் விற்றவர் ஏமாற்றுக்காரர் என்றே பெயர் வாங்குவார். நகாகோவின் துருவுக்கும் இந்தப் புள்ளிகளுக்கும் இடையே பண்பாட்டு உறவு எதுவுமில்லை. ஆயினும் இரண்டைச் சுற்றியும் ஒரே மாதிரி விலக்கு எழுந்திருக்கிறது. ஜப்பானிய ஆசாரத்தை வெறும் சாமுராய் பக்தி என்று விளக்குவோர் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு சான்று பொருளில் இல்லை, வம்சாவளியில் இருக்கிறது. மடக்குக் கத்தி விரிந்ததும் உள்தகடு விலகி வந்து அலகைத் தடுத்து நிறுத்தும் பூட்டை 1980களில் செம்மைப்படுத்தியவர் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த மைக்கேல் வாக்கர். அதற்கு முன்னோடியான காப்புரிமை ஒன்று 1906-லேயே உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்று ஐடஹோவில் பட்டறை வைத்த கிரிஸ் ரீவ், தனி உள்தகடு இல்லாமல் கைப்பிடியின் பக்கவாட்டையே பூட்டாக்கினார். இன்று எத்தனையோ நிறுவனங்கள் இவ்விரண்டையும் செய்கின்றன, சட்டம் தடுக்கவில்லை. எனினும் வாக்கர், ரீவ் பெயர்களைச் சொல்லாமல் புதுக்கண்டுபிடிப்பு என்று ஒருவர் மார்தட்டினால் சேகரிப்போர் விடமாட்டார்கள். மெக்ஹென்றி, வில்லியம்ஸ் இருவரும் வடிவமைத்து 1998-இல் பெஞ்ச்மேட் நிறுவனம் வெளியிட்ட ‘ஆக்சிஸ்’ பூட்டின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஒத்த பூட்டுகள் பல பெயர்களில் வந்தன. காலம் முடிந்த பின் எடுத்தது நியாயம்தான் என்றது ஒரு தரப்பு. மூலத்தைச் சொல்லி எடுத்தால் நியாயம் என்றது இன்னொன்று.

சட்டத்தின் இடத்தில் வழக்கமே காவல் நிற்பது புதிதன்று. கலிஃபோர்னியாவின் மாடு வளர்ப்போர் வேலித் தகராறுகளைச் சட்டத்தைப் பாராமல் தங்கள் வழக்கத்தாலேயே தீர்த்துக்கொள்வதைச் சட்ட அறிஞர் ராபர்ட் எல்லிக்சன் 1991-இல் விரிவாக எழுதினார். பிரெஞ்சுத் தலைமைச் சமையற்காரர்கள் ஒருவர் பக்குவத்தை மற்றவர் அப்படியே படியெடுப்பதில்லை, எடுத்தாண்டால் பெயர் சொல்கிறார்கள் என்று ஃபொஷார், வான் ஹிப்பல் ஆகியோரின் 2008 ஆய்வு காட்டியது. கத்தி உலகம் இவ்வரிசையில் சேரும், ஒரு வேறுபாட்டோடு: இங்கே வழக்கத்தைக் காவல் காப்பவர்கள் செய்வோர் மட்டுமல்லர், வாங்குவோரும்தான். காரணம் வெளிப்படை. பிறப்பு தெரியாத வடிவங்கள் பெருகினால் அவர்கள் வருடக்கணக்கில் கற்ற வம்சாவளி குழம்பும், பெட்டியில் இருப்பதன் மதிப்பும் குறையும்.

பெயர் சொல்லும் வழக்கத்தின் கடினமான சோதனை ‘டமாஸ்கஸ்’. மேரிலாந்தின் பில் மோரன், கத்திக் கலைஞர் சங்கத்தின் 1973 கண்காட்சியில், வெவ்வேறு எஃகுகளை அடுக்கி நெருப்பில் ஒட்டவைத்து மடித்தடித்த, நீரலைக் கோலம் தெரியும் கத்திகளை அப்பெயரில் வைத்தார். செய்முறையையும் மறைக்காமல் சிறு வெளியீடாக வழங்கினார். தொழில் ரகசியத்தைப் பொத்தி வைக்கும் உலகில் இது பெருந்தன்மை. ஆனால் மேற்காசியாவில் அப்பெயரோடு புகழ்பெற்ற வாள்கள் அடுக்கு எஃகால் ஆனவை அல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிக் கட்டியாக ஏற்றுமதியான எஃகோடு தொடர்புடையவை. மூசை எஃகின் தடயங்கள் கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் கிடைத்திருக்கின்றன. அக்கோலம் அடுக்குகளால் வராமல், எஃகின் உள்ளே வரிசைகட்டும் கார்பைடுத் துகள்களால் வருவது. அதற்கு வனேடியம் போன்ற மாசுகள் மிகச் சிறு அளவில் இருப்பதே முக்கியம் என்று ஃபுளோரிடாக் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் 1998-இல் விளக்கினார்கள்.

அடுக்கு எஃகை டமாஸ்கஸ் என்று விற்கலாமா என்று தொடங்கும் விவாதம் பலமுறை வசவில் முடிகிறது. ஐம்பது ஆண்டுப் புழக்கமே போதும் என்போர் இருக்கிறார்கள். அது தென்னிந்திய உருக்குக்காரர்களின் உழைப்பை வரலாற்றிலிருந்து அழிக்கிறது என்போரும் இருக்கிறார்கள். பின்னவர் வாதமே வலியது என்று தோன்றுகிறது. பூட்டு ஒன்றுக்கு மூலவர் பெயரைக் கேட்டு நிற்பவர்கள், பெயர் பதிவாகாத பட்டறைகளுக்கும் அதே அளவுகோலை நீட்டத்தானே வேண்டும்?

இதற்கு எதிராக வலுவான தடை ஒன்றை எழுப்பலாம்: சான்று, சான்று என்பதெல்லாம் விலைக்குப் போட்ட முகமூடி. ஹொன்அமி குடும்பத்தின் மடிப்புத்தாள் சான்றிதழ்களில் வாளின் மதிப்பைப் பொற்காசுக் கணக்கிலேயே எழுதினார்கள். அமெரிக்கக் கண்காட்சிகளில் பெயர்பெற்ற கலைஞரின் கத்தியைக் குலுக்கலில் வென்று, அரங்கை விட்டு வெளியேறும் முன்பே கூடுதல் விலைக்குக் கைமாற்றுவோரை எல்லோரும் ஏசுகிறார்கள். அங்கே அழிகிற சான்று எதுவுமில்லை. கலைஞருக்குச் சேர வேண்டியதை இடையில் நின்றவர் தட்டிப்போனார் என்ற ஆத்திரம் மட்டுமே அது. இந்த இடத்தில் மேற்சொன்ன வாதம் எட்டாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சேகரிப்போரின் ஒழுக்கம் முழுவதும் ஒரே வேரில் முளைத்ததன்று.

ஆயினும் விலையும் சான்றும் எதிரெதிரே நிற்கும் வழக்கு ஒன்று இருக்கிறது. ஜப்பானிய வாள் கலையைக் காக்க 1948-இல் தோன்றிய சங்கம், கையொப்பம் போலி என்று கருதினால் அவ்வாளுக்குச் சான்றிதழ் தருவதில்லை. எனவே உரிமையாளர்கள் சிலர் போலிக் கையொப்பத்தை நகாகோவிலிருந்து நீக்கிவிட்டு, கையொப்பமற்ற வாளாக மறுபடி அனுப்புகிறார்கள். வாள் நல்லதாக இருந்தால் உண்மையான மரபின் பெயரோடு தாள் வரும், விலையும் உயரும். பொய்யைச் சுமந்து நிற்பதைவிட இது வாளுக்குச் செய்யும் நியாயம் என்பது அவர்கள் கட்சி. எதிர்க்கட்சி கேட்பது: அந்தப் பொய் முந்நூறு வருடப் பழமை உடையது என்றால்? தொகுகாவா ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்துச் சந்தையில் எந்தக் கொல்லரின் பெயருக்குக் கிராக்கி இருந்தது, அதை யார் எப்படிப் போலி செய்தார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். நிபுணர் கணிப்பும் மாறக்கூடியது. இன்று போலி என்று தள்ளியதை நாளை வேறொரு குழு உண்மையென்று ஏற்கலாம். துருவைத் தொடாதே என்று விதித்த மரபு, அதே காம்பில் உளி வைக்க இடம் கொடுப்பது முரண். எதிர்க்கட்சியின் பக்கமே நியாயம் அதிகம். நீக்குவதற்கு முன் காம்பின் மேல் தாள் வைத்து மைக்கட்டியால் தேய்த்து ‘ஓஷிகாதா’ படியெடுத்து வாளோடு வைக்கலாம் என்பது நடுவழி. படியில் கையொப்பத்தின் எழுத்து தங்கும். வெட்டுக்குள் எவ்வளவு பழைய துரு இருந்தது என்பது தங்காது.