வாணர் பாலத்தின் மூலம்: தீவகக் கடல்வழியை யார் கேட்டார்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் பேருந்து இரண்டு இடங்களில் கடலைக் கடக்கிறது. முதலில் பண்ணைப் பாலம். அடுத்து வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான வாணர் பாலம். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நாள்களில் இவ்வழியில் வாகனங்கள் ஓய்வதில்லை. பாலம் என்று சொன்னாலும் பெரும்பகுதி தாம்போதிதான்: ஆழமில்லாத கடலில் கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய அணை, நீர் ஓட இடையே திறப்புகள். இதை அரசின் நெடுஞ்சாலைப் பணியாக மட்டும் பார்ப்பது பிழை என்பதே என் வாதம்.

ஆட்சியாளருக்கு இப்படியொரு வழி தேவைப்பட்டதில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தீவகத்தைக் கப்பலிலிருந்தே பார்த்தார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து யானைகள் கப்பலேறின; அத்துறைக்கும் காரைநகருக்கும் இடையே, நீர் நடுவே ஹம்மன்ஹீல் கோட்டை நின்றது. ஒல்லாந்தர் வேலணைக்கு லைடன் என்றும் புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் தம் நகரங்களின் பெயரை இட்டனர். அவர்களுக்குக் கடலே தெரு. பிரசவ வலி கண்ட பெண்ணைச் சோளகக் காற்றில் வள்ளமேற்றிய புங்குடுதீவுக் குடும்பத்துக்கோ அதே கடல் பெருந்தடை.

அந்தத் தடையை அதிகம் உணர்ந்தவர்கள் ஊரைவிட்டு வெளியே பிழைத்தவர்கள். புங்குடுதீவார் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திப் பெயர் பெற்றவர்கள். ரயிலில் யாழ்ப்பாணம் வரை வந்தவர், வீடு கண்ணெதிரே இருக்க, காற்றுக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. ஊர் நினைவு வாணர் பாலத்துக்காக உழைத்தவர்களாகப் பெரியவாணர், சின்னவாணர் என்ற இருவரைச் சொல்கிறது. பாலம் இன்றும் அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது. பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போகும் தாம்போதியைப் பற்றிக் கேட்டாலும், காரைநகரார் அம்பலவி முருகரின் பெயரையே முதலில் சொல்வார்கள்.

இதெல்லாம் ஊர்ப்பெருமை, பணம் அரசினுடையது அல்லவா என்று கேட்கலாம். பொதுப்பணம் இல்லாமல் கடலை மேவியிருக்க முடியாது, உண்மைதான். ஆனால் அந்தப் பணம் ஏன் இந்தத் திசைக்கு வந்தது? புங்குடுதீவில் காக்க வேண்டிய கோட்டையும் இல்லை, பெருந்துறைமுகமும் இல்லை. அவ்வூரவர்களின் விடாப்பிடியை விட்டுவிட்டால் வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட, 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்: அது பூநகரி வழியே குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்க, போருக்குப் பிந்திய அரசு வகுத்த திட்டம்.

கேட்டவர்களின் வெற்றியை மட்டும் எழுதினால் வரலாறு குறைபடும். தாம்போதியின் இருபுறமும் பரவைக்கடலில் சிறகுவலைக் கம்புகள் வரிசையாக நிற்கின்றன. இடுப்பளவு நீரில் நடந்துபோய் மீன் எடுப்பவர்களைப் பேருந்திலிருந்தே காணலாம். திறப்புகள் போதாத அணை நீரோட்டத்தைத் தடுக்கும், சேறு படியும், மீன் வரத்து மாறும். வழியைக் கேட்டவர் வணிகர். அதன் விலையைக் கொடுப்பவர் கடற்றொழிலாளர். இந்த ஏற்றத்தாழ்வு தீவக ஆய்வில் உரிய இடம் பெறவேண்டும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே இன்னும் ‘பாதை’ எனப்படும் மிதவைதான் ஓடுகிறது. நெடுந்தீவுக்குப் படகே கதி. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டது அந்தக் கடல்வழியில்தான். எந்த நீர் மேவப்பட்டது, எது விடப்பட்டது என்பதற்குக் கடலின் ஆழம் ஒரு காரணம். கேட்டவர்களின் செல்வாக்கு இன்னொன்று. இரண்டாவதை அளக்க, கச்சேரிக் கோப்புகளோடு ஊர்ச் சங்க மலர்களையும் புலம்பெயர்ந்தோரிடமுள்ள கடிதங்களையும் முதன்மைச் சான்றுகளாகச் சேர்த்துப் படிக்கும் வேலை இனித் தொடங்க வேண்டும்.