காலணாப் பத்திரிகையும் பண்டிதர் அயோத்திதாசரும்

ஒரு குலத்தாரின் சரித்திரத்தை எழுதும் உரிமை அக்குலத்தார்க்கா, அவரைத் தாழ்த்தினோர்க்கா? இவ்வினாவைச் சென்னை மாகாணத்தில் அஞ்சாது எழுப்பி, அதற்கு விடை காண்பதிலேயே தம் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டவர் பண்டிதர் க. அயோத்திதாசர். சங்கம் கண்டு பத்திரிகை நடத்தும் நம்மனோர் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

பண்டிதர் 1845-ஆம் ஆண்டிற் பிறந்தார். காத்தவராயன் என்பது இயற்பெயர். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராகக் கொண்டார். சித்த வைத்தியத்தில் வல்லவர். இளமையிற் கால் முடங்கிய திரு. வி. கலியாணசுந்தரனாருக்கு மருந்தளித்தவர் இவரே. 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், ஒடுக்கப்பட்டோர்க்கும் ஆலயம் திறக்கவேண்டுமென்று கேட்டார், அவையோர் இசைந்திலர். 1898-இல் கர்னல் ஆல்காட் துணையுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார்.

அவர் எழுத்தின் வேகம் முழுவதும் வெளிப்பட்டது 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வாரப் பத்திரிகையிலேயாம். விலை காலணா. ஏழையும் வாங்கத்தக்க விலையையே பெயராகச் சூட்டிய துணிவைக் காண்க. மறு ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் மாறிற்று.

பண்டிதர் கையாண்ட படைக்கலம் சொல்லாராய்ச்சி. இந்தியா என்னும் பெயர், ஐம்பொறிகளை வென்ற ‘இந்திரர்’ ஆகிய புத்தர்பிரானால் வந்ததென்றார். தீபாவளியோ, அசுரனைக் கொன்ற நாளன்று. பௌத்த சங்கத்தார் எள்ளிலிருந்து நெய் கண்டு, தேய்த்து நீராடிய நாளென்றார். பிறப்பினால் மேன்மை கோருவோரை ‘வேஷப் பிராமணர்’ என்றும், ஒழுக்கத்தால் உயர்ந்தோரை ‘யதார்த்தப் பிராமணர்’ என்றும் பிரித்தார். இழிந்தோர் எனப்பட்டவரே இத்தேசத்தின் பூர்வ பௌத்தர் என்பது அவர் முடிபு. சுதேசியம் பேசினோரையும் அவர் விட்டிலர். சாதி வேற்றுமையை வைத்துக்கொண்டு சுயராஜ்யம் கேட்பது எங்ஙனம் தகும் என்று வினவினார். இவற்றால் அவர்க்குப் பகைவர் பெருகியதில் வியப்பில்லை.

அவர் கூறிய சொற்பிறப்புகள் பலவற்றை இற்றை மொழிநூலார் ஏற்பதில்லை. உண்மையை மறைத்துப் புகழ்வது அறிஞர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆயினும், விடை பிழைபடலாம், வினா பிழைபடவில்லை. எழுதியோர் யாவர், யாருடைய நன்மைக்காக எழுதினர் என்று ஒவ்வொரு புராணத்தையும் நிறுத்திக் கேட்கும் பழக்கத்தை அவர் ஏழை வாசகர்க்குக் கற்பித்தார். அதுவே அவர் பெருங்கொடை.

திருக்குறளுக்கு எழுதிவந்த உரை முற்றுப்பெறுமுன், 1914-ஆம் ஆண்டு மே மாதத்தில் பண்டிதர் மறைந்தார். பின்னர் கோலார் தங்கவயலிலிருந்து ‘தமிழன்’ சில காலம் நடந்தது. அதன் பின் நெடுநாள் அவர் பெயரைத் தமிழுலகம் மறந்திருந்தது. 1999-இல் அவர் எழுத்துக்கள் தொகுதிகளாக வெளிவந்த பின்னரே அறிஞர் பலரும் அவரைக் கற்கலாயினர். பழந்தாள்களைப் பேணிய சிலர் இல்லையேல் அதுவும் கைகூடியிராது.

ஆதலின், அன்பர்களே! நம் வீட்டுப் பரண்களிற் கிடக்கும் ஏடுகளையும் சாசனங்களையும் கறையானுக்கு இரையாக்காதீர். நம் குலப்பெருமை கூறும் கதைகளையும், பண்டிதர் பிறர் கதைகளை வினவியவாறே வினவுங்கள். வினாவுக்கு நிற்கும் பெருமையே பெருமை.